ஆடி வரை பொறுக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் பிப்ரவரியில் 9,000 ரூபாய் சொன்ன ஃப்ளாட்டுக்கு இப்போது, மே மாதத்தில், 11,000 கேட்கிறார்கள். ஏன் இப்படி?

பதில்: ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறதே, அதான். பிள்ளைகளைச் சேர்த்த கையோடு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பாளையில் வீடு தேடுவார்கள், வீட்டுக்காரருக்கும் அது தெரியும். அவசரம் இல்லையென்றால் ஆடி வரட்டும். ஆடியில் பெரும்பாலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், 'வீடு வாடகைக்கு' அட்டை கேட்டில் வெயிலில் வெளுத்துத் தொங்கும், அப்போது பேசினால் கொஞ்சம் இறங்கி வருவார்கள். முன்பணத்தைக் கொடுத்து வைத்துவிட்டு ஆவணியில் குடிபோங்கள். (குற்றாலத்தில் கதையே தலைகீழ், சாரல் விழும் அந்த ஆடியில்தான் அறை வாடகை எகிறும்.) அப்புறம், 2017 வாடகைச் சட்டப்படி, நீங்களாக வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.