தபால் மேசை: பள்ளி, கல்லூரிக் கடிதங்களில் கரையும் காசு

பள்ளி, கல்லூரி அலுவலகங்களின் தபால் செலவு பற்றிச் சேலம் நகரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒரு கல்லூரியின் தபால் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. தொடர்ந்து வராத மாணவர்களின் பெற்றோருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவது வழக்கம். பதிவுத் தபாலை விரைவு அஞ்சலோடு இணைத்த பிறகு செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சில்லறைச் செலவுக் கணக்கு தாங்கவில்லை. என்ன வழி?
— தலைமையாசிரியை, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். முன்பு 20 கிராமுக்கு உட்பட்ட பதிவுத் தபாலுக்குத் தபால்தலை 5 ரூபாய், பதிவுக் கட்டணம் 17 ரூபாய், வரியும் சேர்த்து 25 ரூபாய் 96 காசு ஆனது. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டணப்படி, 50 கிராம் வரையிலான விரைவு அஞ்சலுக்கு உள்ளூருக்குள் 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். பெறுநர் கையிலேயே சேர வேண்டும் என்று பதிவு செய்தால் மேலும் 5 ரூபாய். இவற்றின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். ஆக, உள்ளூர்க் கடிதத்துக்கு 28 ரூபாய் 32 காசு. வெளியூர்க் கடிதத்துக்கு 61 ரூபாய் 36 காசு.

இரண்டு மடங்கு என்று நீங்கள் சொல்வது வெளியூர்க் கடிதத்துக்கு முழுக்கப் பொருந்தும். உள்ளூர்ப் பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் ஏறியது இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. அம்மாபேட்டைப் பள்ளியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் அம்மாபேட்டையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். எனவே சென்ற ஆண்டின் ரசீதுகளை எடுத்துவைத்து, எத்தனை கடிதங்களுக்கு உள்ளூர்க் கட்டணமும் எத்தனை கடிதங்களுக்கு வெளியூர்க் கட்டணமும் போடப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கவுண்டரில் இருப்பவர் உறைமேல் உள்ள பின்கோடைத்தான் கணினியில் ஏற்றுகிறார். கட்டணமும் அதிலிருந்தே வருகிறது. பக்கத்துத் தெருப் பெற்றோரின் பின்கோடைத் தவறாக எழுதிவிட்டால், கடிதம் ஊர் சுற்றுவது மட்டுமல்ல, காசும் கூடுதலாகப் போகும்.

அடுத்த கேள்வி, எல்லாக் கடிதத்துக்கும் பதிவு வேண்டுமா என்பது. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம், 27-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு, பின்னால் ஒரு விளைவு உள்ள கடிதத்துக்குத்தான் தேவை. பெயரை நீக்கப்போகிறோம் என்ற இறுதி அறிவிப்பு அப்படிப்பட்டது. 'மூன்று நாளாகப் பையன் வரவில்லை' என்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பும், அது பலிக்காவிட்டால் 5 ரூபாய்ச் சாதாரணக் கடிதமும் போதும். சாதாரணத் தபாலுக்கு அஞ்சலகத்தின் சான்று பெறும் பழைய முறை 2011-இல் நின்றுபோனதால், உங்கள் அனுப்புகைப் பதிவேட்டில் தேதி, பெயர், பின்கோடு, கடித எண் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைப்பதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே தடயம். வாரக் கடைசியில் மொத்தமாக எழுதும் பதிவேட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. எந்தத் தணிக்கையாளரும் நம்பமாட்டார்.

கேள்வி: உறையின் எடை பற்றி அலுவலகத்தில் தினமும் வாக்குவாதம். மூன்று தாள் வைத்தால் 5 ரூபாய்த் தபால்தலை போதுமா, போதாதா?
— இளநிலை உதவியாளர், தனியார் கல்லூரி, சூரமங்கலம்

பதில்: ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அதனால் 80 ஜி.எஸ்.எம். (அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்றின் எடை சரியாக 5 கிராம். மூன்று தாள் 15 கிராம். அதோடு நீள உறையும் பசையும் தபால்தலையும் சேர்ந்தால் 20 கிராம் கோட்டின் மேலேயே நிற்கும். கொஞ்சம் கனமான உறையாக இருந்தால் தாண்டியே விடும். தாண்டினால் அடுத்த 20 கிராமுக்கு இன்னொரு 5 ரூபாய். இரு பக்கமும் அச்சிட்டால் மூன்று தாள் இரண்டாகும், வாக்குவாதமும் தீரும். 70 ஜி.எஸ்.எம். தாள் என்றால் ஒன்று நாலரை கிராமுக்கும் குறைவு. அதில் மூன்று தாள் நிம்மதியாகப் போகும்.

போதாத தபால்தலையோடு அனுப்புவதுதான் மிகப் பெரிய நட்டம். குறைந்த தொகையைப்போல் இரண்டு மடங்கைத் தபால்காரர் பெறுநரிடம் கேட்பார். கல்லூரிக் கடிதத்துக்கு நான் ஏன் 10 ரூபாய் தரவேண்டும் என்று பெற்றோர் திருப்பி அனுப்புவார். அவர் கேட்பது நியாயம்தான். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறையில் மாவு நிறுக்கும் சிறிய மின்தராசு ஒன்றை மேசையில் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் சேர்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளி நடத்துகிறோம். மலைக் கிராமங்களில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் கடிதங்களில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. சில வருவதே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தபால் மறுபடியும் இறங்கிப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. மலையில் தபால் ஒழுங்காகப் போகாது என்று விட்டுவிட வேண்டியதுதானா?
— அலுவலகக் கண்காணிப்பாளர், ஏற்காடு

பதில்: மலைமேல் பழி போடுவதற்கு முன் உங்கள் சேர்க்கைப் படிவத்தை ஒருமுறை பாருங்கள். 'முகவரி' என்று ஒரே ஒரு நீளக் கோடு போட்டிருப்பீர்கள். அதில் ஒருவர் எஸ்டேட் பெயரை எழுதுவார், ஒருவர் ஊராட்சியின் பெயரை எழுதுவார், மூன்றாமவர் 'ஏற்காடு' என்று மட்டும் எழுதி முடித்துவிடுவார். நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம் என்று பரந்து கிடக்கும் வட்டாரத்தில் 'ஏற்காடு' என்பது முகவரி ஆகாது. வேலூர் இன்னும் சிக்கல். ஏற்காட்டிலேயே ஒரு வேலூர் உண்டு, நாமக்கல் பக்கம் பரமத்தி வேலூர் உண்டு, வடக்கே வேலூர் மாநகரமே உண்டு. பின்கோடு இல்லாமல் 'வேலூர்' என்று எழுதிய கடிதம் எங்கே போகும் என்பது அதன் தலைவிதி.

படிவத்தை உடைத்து எழுதுங்கள்: தந்தை அல்லது தாய் பெயர், வீட்டு எண் அல்லது எஸ்டேட்டில் குடியிருப்பின் பெயர், குக்கிராமம், கடிதம் கொடுக்கும் கிளை அஞ்சலகம், பின்கோடு, கைபேசி எண். இவற்றுள் கிளை அஞ்சலகத்தின் பெயர்தான் உயிர்நாடி. பெற்றோருக்கு அது தெரியாவிட்டால், 'உங்களுக்குத் தபால் எந்த ஊரிலிருந்து வருகிறது' என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். எஸ்டேட் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஜூன் மாதத்தில் வாங்கிய முகவரியை ஜனவரியில் மறுபடி சரிபார்க்க வேண்டும். பொங்கல் விடுமுறைக்குப் பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோரிடம் ஒரு சீட்டைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வதற்குச் செலவே இல்லை.

2025 மே மாதம் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்ற எண்ணெழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. நாட்டின் நிலப்பரப்பை ஏறக்குறைய நான்கு மீட்டர்க்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்து கொண்ட குறியீட்டைத் தரும் ஏற்பாடு அது. தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத காப்பித் தோட்டக் குடியிருப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஆனால் அது பின்கோடுக்கு மாற்று அல்ல, துணை. பதிவேட்டில் குறித்து வையுங்கள். உறைமேல் பின்கோடை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

'வருவதே இல்லை' என்ற கடிதங்களைப் பற்றி ஒரு சொல். உறையின் இடது மூலையில் அனுப்புநர் முகவரி இருக்கிறதா? இல்லையென்றால், சேராத கடிதம் உங்களிடம் திரும்பி வராது. திரும்பும் கடித அலுவலகத்துக்குப் போய்விடும். திரும்பி வரும் கடிதம் வயிற்றெரிச்சல்தான், ஆனால் தபால்காரர் அதில் எழுதும் 'முகவரியில் இல்லை', 'இடம் மாறிவிட்டார்', 'பெற மறுத்தார்' என்ற குறிப்புகள் உங்கள் முகவரிப் பட்டியலைத் திருத்த இலவசமாகக் கிடைக்கும் தகவல். அந்த உறைகளைக் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் சேர்த்து, மாதம் ஒருமுறை பட்டியலைத் திருத்துங்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எக்செல் பட்டியலில் பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தி, முகவரிகளை இருந்தபடியே விட்டுவிட்டார் ஒருவர். அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகளைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை; எல்லாம் பளிச்சென்று இருந்தன. சேலம் குகைப் பகுதிக்காரர் கடிதம் ஆத்தூருக்கும் ஆத்தூர்க்காரர் கடிதம் மேட்டூருக்கும் போயின. அன்றிலிருந்து, ஒட்டுவதற்கு முன் பத்துச் சீட்டுகளைச் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் நான் எந்தக் கடிதக் கட்டையும் வெளியே விட்டதில்லை.

கேள்வி: பல்கலைக்கழகத்திலிருந்து இணைவுக் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து குறிப்பு வந்திருக்கிறது. எங்கே கை வைப்பது?
— ஒரு வாசகர், கருப்பூர்

பதில்: தேர்வுப் பிரிவு ஓர் உறை, பதிவாளர் அலுவலகம் ஓர் உறை, நிதிப் பிரிவு ஓர் உறை என்று தனித்தனியாக ஒட்டி உங்களிடம் கொடுப்பதில்தான் கை வைக்க வேண்டும். தர்மபுரியில் உள்ள ஒரே கல்லூரிக்கு ஒரே நாளில் ஐந்து உறைகள் விரைவு அஞ்சலில் போனால், வரிக்கு முன் ஐந்து நாற்பத்தேழு, 235 ரூபாய். ஐந்தையும் ஒரே உறையில் போட்டு, எடை 250 கிராமுக்குள் இருந்தால், 200 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு 59 ரூபாய்தான். ஒற்றைத் தாளை விரைவு அஞ்சலில் அனுப்புகிறவர், 50 கிராமுக்கான காசைக் கொடுத்து 10 கிராமை அனுப்புகிறார். சாதாரணத் தபாலில் இவ்வளவு மிச்சம் கிடைக்காது என்பதையும் சொல்லவேண்டும்; அங்கே ஒவ்வொரு 20 கிராமுக்கும் 5 ரூபாய் என்பதால், எடை குறைந்த உறைகளைச் சேர்த்தால்தான் கொஞ்சம் மிச்சம்.

கல்லூரிக்கு ஓர் அறையாக ஒரு மர அடுக்கு செய்து சுவரில் மாட்டுங்கள். எந்தப் பிரிவும் உறையை ஒட்டக்கூடாது, தாளாகவே அந்தந்த அறையில் போடவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் ஒட்டி அனுப்புங்கள். அவசரம் என்று வருகிறவரிடம், அது மின்னஞ்சலில் போகக்கூடியதா என்று கேளுங்கள். கையொப்பமிட்ட மூலப்படி தேவைப்படாத சுற்றறிக்கைக்குத் தபாலே வேண்டாம். உங்கள் பிரிவினருக்கு இதில் மனத்தாங்கல் வரும், முக்கியமாகத் தேர்வுப் பிரிவில். துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஓர் எழுத்துபூர்வ ஆணை வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கட்டுகளைப் பிரிக்கும்போது மாவட்டப் பெயரை நம்பாதீர்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் நம்மிடம் உள்ள பின்கோடில் முதல் மூன்று இலக்கங்கள்தான் தபால் எந்தப் பிரிப்பு மையத்துக்குப் போகிறது என்பதைச் சொல்பவை. தர்மபுரி தனி மாவட்டமாக இருந்தும் 636-இல் இருக்கிறது, சேலம் மாவட்டத்தின் எடப்பாடியும் சங்ககிரியும் 637-இல் இருக்கின்றன, கிருஷ்ணகிரி 635. மொத்தத் தபாலை இந்த வரிசையில் கட்டிக் கொடுத்தால் அஞ்சலகத்தில் வேலை குறையும், தாமதமும் குறையும். மாதந்தோறும் கணிசமான எண்ணிக்கை இருந்தால், இப்போது பதிந்து பின்னர்ப் பணம் செலுத்தும் கடன் வசதிக்கும், வளாகத்துக்கே வந்து எடுத்துச்செல்லும் வசதிக்கும் தலைமை அஞ்சலகத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். புதிதாக மொத்தமாக அனுப்பத் தொடங்கும் வாடிக்கையாளருக்கு 5 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. தபால்தலைப் பெட்டிக்குப் பதில், கட்டணத்தை உறைமேல் அச்சிடும் பிராங்கிங் இயந்திரம் வைப்பது நல்லது. தபால்தலை மாயமாவதும், கையில் இருக்கிறது என்று கூடுதல் மதிப்புள்ள தபால்தலையை ஒட்டுவதும் அதோடு நிற்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்களுக்குத் தகவல் படிவமும், தபால்தலை ஒட்டிய பதில் உறையும் அனுப்புகிறோம். பத்தில் இரண்டுகூடத் திரும்புவதில்லை. நூலகங்களுக்கு நாங்கள் வெளியிட்ட நூல்களையும் அனுப்ப வேண்டியிருக்கிறது.
— தமிழ்ப் பேராசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: ஒட்டிய தபால்தலை போனது போனதுதான். வணிகப் பதில் அஞ்சலுக்கு அனுமதி எண் வாங்கி உறைமேல் அச்சிட்டால், திரும்பி வரும் உறைகளுக்கு மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும்.

நூல்களுக்கு, 2025 மே 1 முதல் நடப்பில் உள்ள 'ஞான் போஸ்ட்' இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ என்றால் 100 ரூபாய். தரைவழி என்பதால் மெதுவாகப் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் நூலில் இருக்கவேண்டும், விளம்பரம் கூடாது. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளின் வாழ்த்து விளம்பரங்களோடு வரும் ஆண்டு மலரை இதில் சேர்க்க முயன்று கவுண்டரில் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு விரைவு அஞ்சலில் சலுகை உண்டாமே?
— மாணவர், பேர்லேண்ட்ஸ்

பதில்: உண்டு, 10 சதவீதம். கல்லூரி அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். கேட்காமல் யாரும் கொடுக்கமாட்டார்கள். அதற்கு முன், உங்கள் சான்றிதழ் டிஜிலாக்கரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பல இடங்களில் உறையே தேவைப்படாது.

கேள்வி: செலவைக் குறைக்க, கட்டண பாக்கியையும் மதிப்பெண்ணையும் 50 காசு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம் என்று எங்கள் தாளாளர் சொல்கிறார். சரியா?
— ஆசிரியர், ஏற்காடு அடிவாரம்

பதில்: பெற்றோர் கூட்டத் தேதி, பள்ளி திறக்கும் நாள், விடுதிக்கு எடுத்துவர வேண்டிய பொருள்கள் ஆகியவற்றுக்கு அஞ்சலட்டைதான் சிறந்தது, நான் அதன் பக்கம். மதிப்பெண்ணும் பாக்கியும் வேறு. அட்டை வழியில் எத்தனை கைகள் மாறுகிறதோ அத்தனை பேரும் படிப்பார்கள்; சிற்றூரில் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகும் அட்டை என்றால் ஊரே படிக்கும். இரண்டரை ரூபாய் உள்நாட்டுக் கடிதம் மடித்து ஒட்டக்கூடியது. தாளாளரிடம் அந்த இரண்டு ரூபாயைக் கேட்டு வாங்குங்கள்.