ஸ்டோர் சாவி யாரிடம்? நோய் அவசரநிலைக்குத் தயாராவது பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கொரோனாவைப் பற்றி, மீதி "நீங்கள் ஊர் ஊராகப் போய் அப்படி என்னதான் செய்கிறீர்கள்" ரகம். இரண்டையும் கலந்தே எடுத்திருக்கிறேன்.

ஏழை நாடுகளைக் கொள்ளைநோய்க்குத் 'தயார்படுத்துகிறோம்' என்கிறீர்களே, அது என்ன? மருந்தும் கவச உடையும் அனுப்பி வைப்பதா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

அனுப்புவதும் உண்டு சார், ஆனால் அது கடைசி வேலை. நைஜீரியா கதையைச் சொல்கிறேன்.

2014 ஜூலை 20. லைபீரியாவிலிருந்து லாகோஸ் வந்திறங்கிய ஒரு பயணி விமான நிலையத்திலேயே சுருண்டு விழுகிறார். அரசு மருத்துவர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே டாக்டர் அமேயோ அடாடேவோவுக்கு, எபோலா என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்குமோ என்று சந்தேகம் தட்டுகிறது. அதற்கு முன் அவர் ஒரு எபோலா நோயாளியைக்கூடப் பார்த்தவர் இல்லை. நோயாளி ஒரு மாநாட்டுக்குப் போக வேண்டும், விடுங்கள் என்று மேலிடத்திலிருந்தெல்லாம் நெருக்குகிறார்கள், அந்த அம்மா அசையவில்லை. அவரும் எபோலாவிலேயே ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார். இத்தனை நெருக்கடியான ஊரில் பரவினால் அவ்வளவுதான் என்று உலகமே பயந்தது. கடைசிக் கணக்கு: 20 பேருக்கு நோய், 8 பேர் இறப்பு. அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

எப்படி முடிந்தது என்றால், போலியோ ஒழிப்புக்காக அங்கே ஏற்கெனவே ஒரு அவசரக் கட்டுப்பாட்டு மையம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் துணைப் பொறுப்பாளரையே தூக்கி எபோலா வேலைக்குத் தலைவராகப் போட்டார்கள். சொட்டு மருந்துக்காகத் தெருத்தெருவாக அலைந்து பழகிய ஆட்கள், நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 894 பேரைத் தேடிப் பிடித்து, சுமார் 18,500 தடவை நேரில் வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். புதிதாக ஆள் எடுத்து, நாற்காலி வாங்கி, யார் யாருக்குக் கையெழுத்துப் போடுவது என்று பேசி முடிவதற்குள் நோய் ஊரைச் சுற்றி வந்திருக்கும்.

அதே எபோலா கினியாவில் 2013 டிசம்பரில் மெலியாண்டூ என்ற கிராமத்தில் தொடங்கியது, எபோலாதான் என்று உறுதியானது 2014 மார்ச்சில். அந்த மூன்று மாதத்துக்குக் கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் சேர்ந்து கொடுத்த விலை பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த மூன்று மாதத்தைக் குறைப்பதுதான் என் வேலை.

மாக் டிரில் எல்லாம் கண்துடைப்புதானே? போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.
*செவிலியர், மதுரை*

நிறைய இடங்களில் கண்துடைப்புதான், மறுக்கவில்லை. நல்ல ஒத்திகை என்றால் நடத்தி முடித்ததும் எல்லார் முகமும் கொஞ்சம் தொங்கிப்போயிருக்க வேண்டும்.

சில வருடம் முன்னால் ஒரு நாட்டில், பெயர் வேண்டாம், ஒரு மாவட்டத் தலைநகரில் ஒத்திகை. காலை ஒன்பதரைக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லைக் கிராமம் ஒன்றில் மூன்று பேர் ரத்தக்கசிவோடு காய்ச்சல் வந்து இறந்துவிட்டார்கள், இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். திட்டத்தில் இருக்கிறது என்றார்கள். இருந்தது, 140 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், பீரோவுக்குள். சரி, முதல் போனை இப்போதே போடுங்கள் என்றேன். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலின் முதல் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்; அந்த அதிகாரி மாற்றலாகிப் போய் இரண்டு வருடம். இரண்டாவது நம்பரை ஒரு சின்னப் பெண் எடுத்து "அப்பா குளிக்கிறார்" என்றாள். மூன்றாவதாக எடுத்தவர் லேப்காரர், அவருக்குத் தன் பேர் அந்தப் பட்டியலில் இருப்பதே தெரியாது.

அப்புறம் ஸ்டோர். நன்கொடையாக வந்த கவச உடைகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பது ஜன்னல் வழியே தெரிகிறது, பூட்டைத் திறக்க ஆள் இல்லை. சாவி ஸ்டோர் கீப்பரிடம், அவர் பெரியப்பா இறந்து பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கிறார். மறுநாள் மத்தியானம் திறந்தோம். உடைகள் அத்தனையும் ஒரே பெரிய சைஸ். அங்கே வேலை பார்க்கும் நர்ஸ்களில் பாதிப் பேர் அதைப் போட்டால் காலில் மிதித்து விழுவார்கள். கண்ணாடிகளின் ரப்பர் பட்டை இழுத்ததுமே பொடிப்பொடியாகக் கையோடு வந்தது.

140 பக்கத்தில் ஒரு வரியையும் நாங்கள் மாற்றவில்லை. சாவிக்கு மூன்று நகல் எடுத்து மூன்று பேரிடம் கொடுத்தோம், மாதத்தின் முதல் திங்கட்கிழமை போன் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் மிஸ்டு கால் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம், சாம்பிள் கொண்டுபோகும் பைக்குக்குப் பெட்ரோல் காசு தனியாக ஒரு டப்பாவில். இதை அறிக்கையாக எழுதினால் "இதற்கா விமான டிக்கெட்" என்று கேட்பார்கள், கேட்டார்கள்.

உங்கள் வார்டில் நாளைக்கே செய்து பாருங்கள் சிஸ்டர்: ராத்திரி டூட்டியில் பிபிஇ கிட் எங்கே இருக்கிறது, யார் திறப்பார், எத்தனை நிமிடத்தில் கைக்கு வரும்?

தயார்நிலைப் பட்டியலில் முதலிடம் வாங்கிய அமெரிக்காவில்தானே கொரோனாவில் அத்தனை பேர் செத்தார்கள்?
*கல்லூரி மாணவர், கோவை*

ஆமாம். 2019 அக்டோபரில் 195 நாடுகளுக்கு மதிப்பெண் போட்டு வெளிவந்த உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில் அமெரிக்கா முதல் இடம், பிரிட்டன் இரண்டாம் இடம். சில மாதத்தில் சாயம் வெளுத்தது. அந்த மாதிரிப் பட்டியல் வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று எண்ணும், சமையல்காரர் எழுந்து வருவாரா என்று அதற்குத் தெரியாது.

2016இல் தொடங்கிய கூட்டு வெளி மதிப்பீடு, ஜேஇஇ என்பார்கள், எனக்குப் பிடித்தது. முதலில் செய்துகொண்ட நாடு தான்சானியா. நாடே தன் தயார்நிலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக்கொள்ளும், பிறகு வெளியாட்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் 4, 5 போட்டுக்கொண்டு வரும் நாட்டைவிட, "இதில் நாங்கள் 2தான்" என்று முதல் நாளே சொல்லும் நாட்டோடு வேலை செய்வது எவ்வளவோ சுலபம்.

நோய் வந்தால் நாடுகள் ஏன் மறைக்கின்றன? தண்டிக்க முடியாதா?
*வாசகர், திருச்சி*

முடியாது. 2005இல் ஏற்று 2007இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு சுகாதார விதிமுறைகளின்படி, உலகத்தைப் பாதிக்கக்கூடிய நிகழ்வு என்று தெரிந்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அபராதமோ போலீஸோ கிடையாது.

சொன்னவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒரு புதிய கொரோனா வகையைக் கண்டுபிடித்து நேர்மையாகத் தெரிவித்தது. இரண்டே நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள், அந்த இரண்டு நாளுக்குள் பணக்கார நாடுகள் வரிசையாகக் கதவைச் சாத்தின. நன்றாக மரபணுப் பரிசோதனை செய்ததற்கு தண்டனை விமானத் தடை! நமக்கும் இந்த வலி தெரியும். 1994இல் சூரத்தில் பிளேக் என்று செய்தி பரவியதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள், பல நாடுகள் இந்தியாவுக்கு விமானத்தை நிறுத்தின, நம் சரக்கை வாங்க மறுத்தன. இதைப் பார்த்த ஒரு சுகாதார அமைச்சர் அடுத்த முறை வாயைத் திறக்கத் தயங்கினால் அவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. சொல்கிற நாட்டுக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வராதவரை மறைப்பது தொடரும் என்பது என் கணிப்பு, இது தப்பாகப் போனால் சந்தோஷப்படுவேன்.

7-1-7 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே?
*மருத்துவ மாணவி, நாகர்கோவில்*

2021இல் முன்வைத்த இலக்கு. நோய் தலைகாட்டிய 7 நாளில் கண்டுபிடி, 1 நாளில் தகவல் சொல், அடுத்த 7 நாளில் முதல்கட்ட வேலைகளை முடி. மனப்பாடம் செய்ய வசதியாக இருப்பதே இதன் பாதி பலம்.

உங்கள் பக்கத்து மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே 5 அன்று கோழிக்கோடு மாவட்டத்தில் முதல் நிபா நோயாளி இறந்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. அதே வீட்டில் அவர் சகோதரரும் அதே மாதிரி படுத்த பிறகுதான், ஒரு தனியார் மருத்துவமனை மருத்துவர்களுக்கு இது சாதாரண மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறைத்தது. சாம்பிள் மணிப்பால் ஆய்வகத்துக்குப் போனது, புனே ஆய்வகம் மே 20 அன்று உறுதி செய்தது. நிபா என்று தெரியாமல் இருந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரிகளிலேயே பலருக்குத் தொற்றியது. நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினியும் அப்படித்தான் போனார். 17 பேர் இறந்தார்கள். மறுவருடம் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தபோது அவரோடு நின்றது, அவரும் பிழைத்துவிட்டார். நிபாவுக்கு மருந்தோ தடுப்பூசியோ அந்த ஒரு வருடத்தில் வந்துவிடவில்லை. மூளைக்காய்ச்சல் என்று வந்தவுடன் "எதற்கும் நிபாவுக்கு அனுப்பிவிடுவோம்" என்று கை தானாகப் போகும் பழக்கம் வந்திருந்தது.

மக்கள் ஒத்துழைக்காவிட்டால் போலீஸை வைத்துத்தானே செய்ய வேண்டும்?
*வணிகர், ஈரோடு*

போலீஸ் வந்தால் நோயாளி பின்வாசல் வழியாகப் போய்விடுவார் அண்ணாச்சி. கினியாவில் 2014 செப்டம்பரில் வோமே என்ற கிராமத்துக்கு எபோலா பற்றி எடுத்துச் சொல்லப் போன குழுவில் எட்டுப் பேரைக் கொன்றே போட்டார்கள். முட்டாள்தனம் என்று தள்ளிவிடலாம், ஆனால் அந்த ஊர்க்காரர் பார்வையில், வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் வந்து அழைத்துப்போன யாரும் திரும்பி வரவில்லை, சாவு வீட்டில் அம்மாவின் உடலைக் குளிப்பாட்டக்கூட விடவில்லை.

உடலை அடக்கம் செய்யும் முறையை மாற்றியதும் நிலைமை மெல்ல மாறியது. குடும்பத்தார் தூரத்தில் நின்று பார்க்கலாம், பாதிரியாரோ இமாமோ பிரார்த்தனை நடத்தலாம், முஸ்லிம் உடலுக்குத் தயம்மும் என்ற தண்ணீர் இல்லாத சுத்திகரிப்புச் சடங்கைச் செய்து கஃபன் என்ற சவத்துணி சுற்றலாம் என்று நெறிமுறையே எழுதினார்கள். அதை எழுத வைராலஜிஸ்ட் போதாது, ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கத் தெரிந்தவர் வேண்டும். நம் ஊரிலேயே 2020இல் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் கல்லெறிந்தார்களே, மறந்துவிட்டதா?

இதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள்?
*வங்கி ஊழியர், சேலம்*

உலக வங்கியில் 2022இல் 'பாண்டமிக் ஃபண்ட்' என்று ஒன்று தொடங்கினார்கள், பணக்கார நாடுகளும் அறக்கட்டளைகளும் கொடுக்கின்றன. அமெரிக்கா 2025இல் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையும் இழுத்து மூடியதில் பல நாடுகளில் வேலைகள் பாதியில் நின்றன. ஆனால் நான் பார்த்தவரை பணம் வராத இடத்தைவிட, வந்த பணம் தப்பான இடத்துக்குப் போவதே அதிகம். வண்டி வாங்கிக் கொடுப்பார்கள், டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். லைபீரியாவிலும் சியரா லியோனிலும் எபோலா உச்சத்தில் இருக்கும்போதே, ஆபத்தான வேலைக்குத் தருவதாகச் சொன்ன கூடுதல் பணம் வந்து சேரவில்லை என்று சுகாதாரப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

எங்கட பிஎச்ஐமாரைப் பற்றி எதுவும் எழுதமாட்டியளா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

எழுதாமல் என்ன! 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வரும் கட்டமைப்பு அது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அவர்தான் நீங்கள் சொல்லும் பிஎச்ஐ. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று இலங்கை சான்றிதழ் வாங்கியதில் இந்தக் கட்டமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கொரோனாவிலும் முதலில் கதவைத் தட்டியவர்கள் அவர்கள்தான். வேறு நாடுகளில் நான் பவர்பாயிண்டில் விளக்க மெனக்கெடுவதை அங்கே எல்லாரும் பார்த்தே வளர்ந்திருக்கிறீர்கள்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?
*பி.எஸ்ஸி. மாணவி, விழுப்புரம்*

மருத்துவம் படித்தால்தான் என்று இல்லை. நர்சிங், கால்நடை மருத்துவம், புள்ளியியல், லேப் டெக்னாலஜி எல்லாவற்றிலிருந்தும் வருகிறார்கள். சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் படிப்புகளைப் பாருங்கள், களத்தில் இறக்கிவிட்டுக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அங்கே 2001 முதல் நடக்கிறது.

அதுவரை ஒரு பயிற்சி. உங்கள் தெருவில் அடுத்த முறை நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டால் ஒரு நோட்டில் கோடு போடுங்கள்: ஆளுக்கு ஒரு வரி, வயது, எந்த வீடு, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். நாங்கள் இதை லைன் லிஸ்ட் என்போம். பத்து வரி சேர்வதற்குள் எந்தக் குழாய் என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். நோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள், கொடுத்த தேதியையும் குறித்து வையுங்கள்.