பெரிய வண்டிதான் பாதுகாப்பா?

கேள்வி: எங்களுக்கு இரண்டு குழந்தைகள். பெரியவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு 3. இருக்கும் சின்ன காரைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் கணவர். பள்ளிக்கூடம், அலுவலகம், கடை என்று எங்கள் ஓட்டமெல்லாம் நகரத்துக்குள்தான். வருடத்துக்கு ஒருமுறை மலைப்பக்கம் போவோம். எனக்கு இது வீண் என்று படுகிறது. ஆனால், "குழந்தைகளின் பாதுகாப்பிலும் கணக்குப் பார்ப்பாயா?" என்று அவர் கேட்டால் எனக்கு வாயடைத்துப் போகிறது. என்ன பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த ஒரு கேள்வியாலேயே உங்களை மடக்கிவிடுகிறார், இல்லையா? சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அவர் பக்கத்து நியாயம். இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் கனமான வண்டிக்குள் இருப்பவருக்கு அடி குறைவு. இதை மறுக்காதீர்கள், மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் இவருக்குக் குறைகிற அடி, எதிரே வருகிற சின்ன காரில் இருப்பவர் தலையில் விழுகிறது. இன்றைக்கு அப்படியொரு சின்ன காரில்தான் உங்கள் குடும்பமே போய்வருகிறது.

அப்புறம், உங்கள் குழந்தைகள் எந்நேரமும் வண்டிக்குள்ளேயேவா இருக்கப்போகிறார்கள்? பள்ளி வாசலில் இறங்குவார்கள், தெருவைக் கடப்பார்கள், பந்து உருண்டால் பின்னாலேயே ஓடுவார்கள். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் ஒன்று, நடந்து போனவர்கள் மீது வண்டி மோதிய ஏறக்குறைய 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-ல் ஒரு முடிவை வெளியிட்டது. பானெட்டின் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டும் வண்டிகள் மோதினால் உயிர் போகும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்குள் சரிவான முகப்போடு இருக்கும் வண்டிகளைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த பானெட் காலில் இடித்து ஆளைத் தன் மேலேயே சாய்த்துக்கொள்ளும். சுவர் மாதிரி நிமிர்ந்த பானெட் நெஞ்சிலும் தலையிலும் இடித்து ஆளைக் கீழே தள்ளும்.

40 அங்குலம் என்பது சுமார் 100 சென்டிமீட்டர். 3 வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 95 சென்டிமீட்டர்தான். இதைப் படித்துக் காட்டுவதைவிட நேரில் காட்டுவது நல்லது. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது மகனின் பள்ளிப் பையை எடுத்துப் போங்கள். கணவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, பையை முன்பக்க பம்பரை ஒட்டித் தரையில் வையுங்கள். "தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை விட்டு ஒவ்வோர் அடியாகத் தள்ளி நகர்த்துங்கள். எந்த இடத்தில் "ஆங், தெரிகிறது" என்கிறாரோ, அங்கிருந்து வண்டி வரைக்கும் அவரையே நடந்துவரச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது.

உயரமாக உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியுமே என்பார். தூரத்தில் இருப்பது தெரியும். காலடியில் இருப்பது தெரியாது. உயரத்திலிருந்து பார்க்கும்போது வேகமும் குறைவாகப் போவது போலத்தான் தோன்றும். கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்.

ஃபோர் வீல் டிரைவ் என்ற பெயரிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. எஞ்சினின் இழுவிசை நான்கு சக்கரத்துக்கும் போகிறது என்பதுதான் அதன் பொருள். சேற்றிலோ மணலிலோ பனியிலோ மாட்டினால் வெளியே வர உதவும். பிரேக் என்னவோ எல்லா கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் இருக்கிறது! ஈரமான தார்ச்சாலையில் சீக்கிரம் நிற்க இந்த வசதி ஒரு சாண்கூட உதவாது. இன்னொன்று, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை வண்டிகளில், காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போடவே கூடாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். ஆக, நகரத்துக்குள் இரண்டு சக்கர இழுவையிலேயே ஓட்டிக்கொண்டு, மிச்சப் பற்சக்கரங்களையும் தண்டுகளையும் சும்மா சுமந்து திரிவீர்கள், அதற்கும் சேர்த்து எரிபொருள் ஊற்றி.

ஊருக்கு ஆகிற செலவையும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, எஸ்யூவி எனப்படும் இந்த மாதிரி உயரமான, பெரிய வண்டிகள் நடுத்தரக் கார்களைவிட 20 சதவீதம் கூடுதலாகக் கரியமில வாயுவை விடுகின்றன. 2023-ல் உலகில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி இவைதான். பாரிஸ் நகரில் 2024 பிப்ரவரியில், வெளியிலிருந்து வரும் கனமான கார்களுக்கு பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று மக்களிடமே ஓட்டெடுத்தார்கள். ஆக்கலாம் என்ற தரப்புதான் ஜெயித்தது. ஓட்டுப் போட வந்தவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் கணவர் அதைத் தேடிப் பிடித்துவிடுவார்.

காட்டிலும் தோட்டத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கும், கனமான டிரெய்லரை இழுப்பவர்களுக்கும் இந்த வண்டி தேவை, நான் மறுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிற உங்களுக்கு, அந்த நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். நல்ல தார்ச்சாலை என்றால் அதுவும் வேண்டாம், இருக்கிற காரே ஏறிவிடும். மிச்சமாகும் பணத்தில், மோதல் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிய, தானாக பிரேக் பிடிக்கும் வசதி உள்ள சாதாரணக் காரைப் பாருங்கள். குழந்தைகளின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற இருக்கைகளையும் வாங்குங்கள். பாதுகாப்புக்குச் செலவழிக்க அவருக்கு ஆசை இருக்கிறது, அதைத் தடுக்காதீர்கள்.

முன்பணம் கட்டிவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டிவிட்டார், திரும்பி வராது என்றால், முன்பக்க கேமரா உள்ள மாடலாகவே கேளுங்கள். முன்னால் இரும்புக் கம்பி பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். இடிபடுகிறவருக்கு அதுதான் முதல் அடி. உங்கள் வண்டியின் ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகவும் அது காரணமாகலாம்.