உலக வர்த்தக அமைப்பின் விவசாய மானிய வரம்பை நாடுகள் மீறுகின்றனவா என்று யார் கண்காணிக்கிறார்கள்? மீறினால் என்ன ஆகும்?

தடியோடு யாரும் நிற்கவில்லை. பங்காளிகள் ஒருவர் கணக்கை மற்றவர் புரட்டிப் பார்க்கிறார்கள், ஏற்பாடு அவ்வளவுதான்.

கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகளைத் தணிக்கை செய்தே காலம் கழித்தவன் நான். சங்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் ரொக்க இருப்பை எண்ணுவோம், பிறகு கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணுவோம். உலக வர்த்தக அமைப்பிலும் அப்படி யாராவது வந்து எண்ணுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கிடையாது. 1995 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த வேளாண் ஒப்பந்தப்படி, ஒவ்வொரு நாடும் தன் விவசாயிகளுக்கு எவ்வளவு ஆதரவு கொடுத்தது என்பதைத் தானே எழுதி ஜெனீவாவில் உள்ள வேளாண்மைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள்தான். ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவு அவர்களுக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒப்பந்தத்தில் ஒரு நாடு கொடுத்த வாக்குறுதி தொடர்பான எதைப் பற்றியும் கேள்வி கேட்கலாம். "இவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்" என்று இன்னொரு நாட்டின் கணக்கைத் தாமே போட்டுத் தாக்கலும் செய்யலாம். அபராதம் விதிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. கணக்கைத் தாமதமாகக் கொடுப்பவர்கள் ஏராளம், அதற்கும் கேள்விதான்.

பல்லில்லாத ஏற்பாடு என்று எனக்கும் தோன்றியது, இந்தியாவின் அரிசிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கும் வரை.

வளரும் நாடு ஒன்று ஒரு பயிருக்குத் தரும் ஆதரவு, அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. (வளர்ந்த நாடுகளுக்கு 5 விழுக்காடு. ஆனால் அமெரிக்காவுக்கு அதற்கு மேலும் ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை தனி இடம் உண்டு. அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இங்கே ஆதரவு என்பது அரசு கையை விட்டுச் செலவழித்த பணம் அல்ல. இன்றைய கொள்முதல் விலைக்கும் 1986–88 ஆண்டுகளின் உலகச் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். ஆம், 1986–88. அந்த விலை அப்படியே உறைந்து நிற்கிறது.

2018-19-இல் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். அந்த ஆண்டு சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, ஈரப்பதம் 17-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சின்னக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கு 1,750 பெரிய தொகையாகத் தெரியவில்லை. மூன்று மூட்டை நெல்லுக்கு இரண்டு மூட்டை அரிசி என்று வைத்தால், ஒரு டன் அரிசி 26,000 ரூபாய்ச் சொச்சம் ஆகிறது. இந்தியாவின் 1986–88 அடிப்படை விலையோ டன்னுக்கு 3,520 ரூபாய். வித்தியாசத்தை அரசு வாங்கிய ஏறத்தாழ 4.4 கோடி டன்னால் பெருக்கினால், ஆதரவு மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. வரம்பு எங்கே, இது எங்கே!

இந்தியா டாலரில் கணக்கெழுதுகிறது. 1986–88-இல் டாலர் 13 ரூபாய்ச் சொச்சம், அதனால் அடிப்படை விலை 262.51 டாலர். 2018-19-இல் டாலர் ஏறத்தாழ 70 ரூபாய், அதனால் நம் 26,000 ரூபாய் 373 டாலராகச் சுருங்குகிறது. டன்னுக்கு 110 டாலர் வித்தியாசம். மொத்தம் 500 கோடி டாலர். உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர். 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதே நெல், அதே விலை. எழுதும் நாணயம் மட்டும் வேறு. தணிக்கைக்காரனாக எனக்கு இது உறுத்துகிறது. முப்பது ஆண்டுப் பணவீக்கத்தைக் கண்டுகொள்ளாத சூத்திரம் அதைவிட அதிகமாக உறுத்துகிறது.

2018 மே மாதம் அமெரிக்கா இந்தியாவின் கோதுமை, அரிசிக் கணக்கைத் தானே போட்டுத் தாக்கல் செய்தது இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான். ரூபாயில் போட்டது, அரசு வாங்கியதை மட்டும் சேர்க்காமல் மொத்த விளைச்சலையும் சேர்த்தது. அரிசி ஆதரவு 70 விழுக்காட்டுக்கும் மேல் என்று வந்தது.

டாலர் கணக்கிலும் 10-ஐத் தாண்டிவிட்டதே என்றால், அதற்கு ஒரு குடை இருக்கிறது. 2013 டிசம்பரில் பாலி மாநாட்டில் பெற்ற 'சமாதான விதி'. அப்போதே நடைமுறையில் இருந்த உணவு இருப்புத் திட்டங்களுக்காக வரம்பு மீறினால் வழக்குப் போட மாட்டோம் என்பது ஏற்பாடு. பதிலுக்குக் கணக்குகளை நிலுவையின்றிக் கொடுக்க வேண்டும். அந்தக் கையிருப்பு உலகச் சந்தையைக் கெடுக்கக் கூடாது. நிரந்தரத் தீர்வு வரும் வரை இது தொடரும் என்று 2014 நவம்பரில் உறுதியானது. 2020-இல் அதை முதன்முதலில் பயன்படுத்திய நாடு இந்தியா. அதன் பிறகு குழுவில் இந்தியாவுக்கு வந்த கேள்விகளையும் அளித்த பதில்களையும் அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடிப் படிக்கலாம், பொறுமை வேண்டும்.

கரும்புக்கு அந்தக் குடை இல்லை. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் உலக வர்த்தக அமைப்பில் இந்தியா மீது வழக்குப் போட்டன. விலையைத் தருவது ஆலைகள்தான், அரசு அல்ல என்று இந்தியா வாதாடியது. அது எடுபடவில்லை. 2014-15 முதல் ஐந்து பருவங்களிலும் கரும்புக்கான ஆதரவு 10 விழுக்காட்டைத் தாண்டியதாக 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே இந்தியா மேல்முறையீடு செய்தது. ஒரு வழக்கைக் கேட்க அந்த அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்தில் மூன்று உறுப்பினர்கள் வேண்டும். புதியவர்களை நியமிக்க விடாமல் அமெரிக்கா தடுத்ததால், 2019 டிசம்பரிலிருந்தே அங்கே அந்த மூன்று பேர் இல்லை. மனு போய்ச் சேர்ந்தது காலி நாற்காலிகளிடம்.