விரல் வருவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

ஓவியக்கூடம் ஒன்றில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். வருகிறவர்களைச் சமாளிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. போனில் சத்தமாகப் பேசுகிறார்கள். "இதை என் பையனே வரைவான்" என்கிறார்கள். தொடாதீர்கள் என்று எழுதி வைத்தும் தொடுகிறார்கள். கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். ரசனை இல்லாத இவர்களிடம் எப்படிப் பொறுமையாக இருப்பது?

(வாசகி தன் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் ஒரு கட்டைவிரலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு வருகிறேன்.

போனில் பேசுகிறவரை வெளியே போய்ப் பேசச் சொல்லுங்கள், அவ்வளவுதான். "என் பையனே வரைவான்" என்பவருக்குப் பதிலே வேண்டாம். படத்தின் முன் நிற்கிறாரே, போதும். சண்டைக்கு வருகிறவர் முன்னால் தனியாக நிற்காதீர்கள், மேலாளரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டும் வராவிட்டால் தப்பு அவருடையது.

ஆனால் "ரசனை இல்லாத இவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டே மாதத்தில் இந்த வார்த்தை எப்படி உங்கள் வாயில் வந்து உட்கார்ந்தது? தொட வருகிறவர்தான் அந்த அறையில் படத்தை மிகக் கிட்டத்தில் பார்த்தவர் என்று ஒரு நாளாவது தோன்றியதுண்டா?

இருபத்திமூன்று வயதில் நானும் ஓர் ஓவியக்கூடத்தில் காவல் நின்றேன். ஒரு மதியம், வயதான ஒருவர், வண்ணத்தைக் கத்தியால் அப்பி வரைந்த ஒரு பழைய படத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டார். வாசலில் இருந்தபடியே கத்தினேன். சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். நகக்கண்ணில் சிமெண்ட் காய்ந்திருந்தது. "இந்த மேடு எப்படி சரியாம நிக்குதுன்னு பாத்தேன் தம்பி" என்றார். சுவர் பூசுகிறவர். அந்த மேடு எப்படி நிற்கிறது என்று அதுவரை அங்கே ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மற்ற படங்களைப் பார்க்காமலே அவர் போய்விட்டார்.

அதற்காக, தொட்டால் தொடட்டும் என்று சொல்லவில்லை. அவர் விரல் பட்ட இடத்தில் ஒரு சின்ன முனை உடைந்திருந்தது. எண்ணெய் வண்ணம் வயதாக ஆக விறைத்துப்போகும். லேசாக அழுத்தினாலே விரிசல் விடும். விரலின் எண்ணெயும் வியர்வை உப்பும், வண்ணத்தைக் காக்க அதன் மேல் பூசிய மேற்பூச்சில் படிந்து நாளடைவில் கறையாகும். ஆசையாகத் தொட்டாலும் கேடு கேடுதான். 2007-இல் பிரான்ஸின் அவிஞோன் நகரில் அமெரிக்க ஓவியர் சை டுவாம்ப்ளியின் வெள்ளை ஓவியம் ஒன்றை ஒரு பெண் உதட்டுச்சாயத்தோடு முத்தமிட்டுவிட்டார். அன்பால் செய்தேன் என்றார். நீதிமன்றம் தண்டித்தது.

தடுக்கத்தான் வேண்டும். ஆனால் விரல் வருவதற்கு முன். நான் வாசலில் நின்றேன், அதுதான் நான் செய்த பிழை. தொடப்போகிறவரின் கை சட்டென்று நீளாது. முதலில் தலை பக்கவாட்டில் சாயும், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க. அப்புறம் ஓர் அடி முன்னால் வைப்பார். அதற்குப் பிறகுதான் முழங்கை மடங்கும். அந்த ஓர் அடிக்குள் நீங்கள் பக்கத்தில் போய், "இது தூரிகையால் போட்டதில்லை, கத்தியால் அப்பியது. தொட்டால் உதிர்ந்துவிடும்" என்று சொல்லிப் பாருங்கள். கை தானாக இறங்கும். அவர் விரலால் கேட்கவந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது அல்லவா?

கிட்டத்தில் நிற்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 1990-இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தின் மீது ஒருவர் அமிலம் தெளித்தார். காவலர்கள் உடனே தண்ணீர் ஊற்றியதால் அமிலம் மேற்பூச்சோடு நின்றது, வண்ணம் பிழைத்தது.

பொறுமையைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சரி, உங்கள் நாற்காலி எங்கே கிடக்கிறது? வாசலில் என்றால், நாளைக்கே அதை எடுத்து, வண்ணம் கனமாக அப்பிய படம் எதுவோ அதன் பக்கத்தில் போடுங்கள். யார் சாய்ந்து பார்த்தார், என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.