ஹோம் விசிட்டுக்கு இரண்டு மடங்கு சம்பளமா?

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். மூன்று வருடமாக ஒரு மருத்துவமனையின் ஓபி பிரிவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். வீட்டுக்கே போய் சிகிச்சை தரும் நிறுவனம் ஒன்று என்னைக் கூப்பிடுகிறது. அங்கே ஒரு விசிட்டுக்குத் தருவது, இங்கே இரண்டு மணி நேரத்துக்கு எனக்குக் கிடைக்கும் சம்பளத்துக்குச் சமம். போகலாமா? இந்தத் தொழிலில் எவ்வளவுதான் சம்பாதிக்க முடியும்?

பதில்: ராஜினாமா கடிதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

முழங்கால் மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவர் ஒருவர். கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து, பயிற்சி கொடுத்து, வாக்கரைப் பிடித்தபடி பாத்ரூம் வரை நடக்கவைக்க முக்கால் மணி நேரம். போய்வர அரை மணி. நோட்ஸ் எழுதக் கால் மணி. ஆக, ஒன்றரை மணி நேர உழைப்புக்கு இரண்டு மணி நேரச் சம்பளம். லாபம்தான், ஆனால் இரண்டு மடங்கு இல்லை. வண்டிச் செலவு யாருடையது? "இன்னைக்கு முடியலம்மா, நாளைக்கு வாங்க" என்று கடைசி நிமிடத்தில் போன் வந்தால் அந்த விசிட்டுக்குப் பணம் உண்டா? காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தோடு லீவு உண்டா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அதற்காக, வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவிலும் வீட்டுச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு, கிளினிக்கில் இருப்பவர்களைவிட அதிகம்தான் கிடைக்கிறது. அந்நாட்டு அரசின் 2024 மே மாதக் கணக்குப்படி பிசிகல் தெரபிஸ்டுகளில் (அங்கே பிசியோதெரபிஸ்டுகளுக்கு அதுதான் பெயர்) பாதிப் பேர் ஆண்டுக்கு 1,01,020 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள், மீதிப் பேர் அதற்குக் கீழே. கடைசி 10 சதவீதத்தினர் 74,420 டாலருக்கும் கீழ். முதல் 10 சதவீதத்தினர் 1,32,500-க்கும் மேல். இந்த இரண்டு எல்லைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே இருப்பது கீழே இருப்பதைப் போல இரண்டு மடங்குகூட இல்லை! அங்கே வேலைக்குச் சேரவே முனைவர் நிலைப் பட்டம் வேண்டும், அந்தப் படிப்புக்கு வாங்கிய கடனும் கூடவே வரும்.

மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி ஏன் இவ்வளவு குறைவு? பணம் கொடுப்பவர் உங்கள் கைத்திறனைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அங்கே இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் 15 நிமிட யூனிட்டாகக் கணக்கிடுகிறது. போன வருடம் சேர்ந்தவர் செய்தாலும், இருபது வருடம் அனுபவமுள்ளவர் செய்தாலும் யூனிட்டுக்கு அதே தொகை. அப்புறம் முதலாளி எதை வைத்து இன்க்ரிமென்ட் போடுவார்? பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் வேறு மாதிரி: புதிதாக வருபவருக்கு பேண்ட் 5 என்ற சம்பளப் படி, பொறுப்புள்ள பதவி கிடைத்தால் பேண்ட் 6. எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பது கணக்கே இல்லை.

அதனால், இன்னொரு சர்டிபிகேட் வாங்கினால் சம்பளம் ஏறும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தத் திறமைக்கென்று தனியாகப் பணம் தர ஆள் இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பக்கவாத நோயாளிகள், குழந்தைகள், பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்புத்தளப் பிரச்சினைகள் - இவற்றில் நல்ல கை என்று பெயர் வாங்கியவரைத் தேடி, கையிலிருந்தே கட்டணம் தர நோயாளிகள் வருவார்கள். விளையாட்டு அணிகளோடு போவதுதான் எல்லோருக்கும் கனவு. ஆசைப்படுபவர்கள் அதிகம், இடம் குறைவு; சம்பளமும் அந்த ஜெர்சி தரும் பெருமைக்கு ஈடாக இருக்காது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனை விதி அனுமதித்தால், வேலையை விடாமல் வார இறுதியில் மட்டும் சில கேஸ்கள் எடுத்துப் பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ரத்தான விசிட் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். இரண்டு மாதம் கழித்து, கைக்கு வந்த தொகையை மொத்த மணி நேரத்தால் வகுங்கள். இப்போதைய சம்பளத்தைவிடக் கால் பங்காவது கூடுதலாக வந்தால் தாராளமாக மாறலாம். வராவிட்டால் அதே நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் துறைத் தலைவரிடம் போய், சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள்.