நைட்ரஜன் ஏன் வாயுவா இருக்கு? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா. நைட்ரஜன்ல ரெண்டு அணுவும் முப்பிணைப்பு போட்டு ரொம்ப கெட்டியா பிடிச்சிருக்குன்னு புக்ல இருக்கு, அவ்ளோ கெட்டின்னா அது திடப்பொருளா தானே இருக்கணும், ஏன்ப்பா வாயுவா இருக்குன்னு கேக்குறா. லேசான தனிமம், அதனால வாயுன்னு சொல்லி வச்சிருக்கேன். சரிதானா சார்?

- ஒரு வாசகர், திருவாரூர்

வணக்கம்ங்க,

பொண்ணு பிடிச்சது ரொம்ப நல்ல இடம். ஆனா எடை காரணம் இல்லைங்க. லித்தியம் நைட்ரஜனை விட லேசு, அணு எடை 7 தான், அது உலோகம், 1300 டிகிரிக்கு மேல போனா தான் கொதிக்கும். ரேடானோட அணு எடை 222, தங்கத்தோட அணுவை விட கனம், அது வாயு.

பாக்க வேண்டியது ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை எவ்ளோ பிடிச்சு வச்சிருக்குங்கறதை. நைட்ரஜனுக்குள்ள இருக்கற முப்பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணற ஒரு அளவு) 945 கிலோஜூல் வேணும், ஆனா திரவ நைட்ரஜனை ஆவியாக்க 6 கிலோஜூல் கூட வேணாம், ஏன்னா கொதிக்கறப்ப விட்டுப்போறது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல இருக்கற பிடிப்பு மட்டும் தான், உள்ள இருக்கற பிணைப்பு அப்படியே இருக்கும். பிணைப்புக்குன்னு இருந்த மூணு மூணு எலக்ட்ரானையும் அந்த ரெண்டு அணுவும் தங்களுக்குள்ளயே போட்டு முடிச்சிடுது, வெளிய யாரோடயும் சேர எதுவும் மிச்சமில்லை. உள்ள அவ்ளோ கெட்டியா இருக்கறதால தான் அது வாயு!

தனிம அட்டவணைல பக்கத்து வீட்டு கார்பன் அப்படி இல்ல. வைரத்துல ஒவ்வொரு அணுவும் சுத்தி இருக்கற நாலு அணுவோட பிணைஞ்சிருக்கு, தனித்தனி மூலக்கூறுன்னே ஒண்ணு கிடையாது, வாயுவாக்கணும்னா நிஜ பிணைப்பையே உடைக்கணும். நைட்ரஜனுக்கு நேர் கீழ இருக்கற பாஸ்பரஸுக்கு முப்பிணைப்பு அவ்வளவா ஒத்து வராது, நாலு நாலு அணுவா ஒற்றைப் பிணைப்புல சேரும், மூலக்கூறு பெருசாயிடும், அதனால வெள்ளை பாஸ்பரஸ் 44 டிகிரி வரைக்கும் திடமா நிக்கும்.

மூலக்கூறு பெருசானா ஏன் திடமாகணும்? எலக்ட்ரான் ஒரு நொடி இந்தப் பக்கம் கூடும் ஒரு நொடி அந்தப் பக்கம் கூடும், அந்த ஏற்றத்தாழ்வுல பக்கத்து மூலக்கூறோட ஒரு சின்ன இழுப்பு வருது, ஃபிரிட்ஸ் லண்டன்னு ஒரு இயற்பியலாளர் 1930ல இதை கணக்கு போட்டு விளக்கினார். எலக்ட்ரான் கூடக்கூட இழுப்பும் கூடும். ஃப்ளூரின், குளோரின் வாயு, புரோமின் திரவம், அயோடின் திடம், ஒரே குடும்பம் தான் நாலும். ஹீலியத்துக்கு ரெண்டே எலக்ட்ரான், மைனஸ் 269லயே கொதிச்சிடும், ரேடானுக்கு 86 இருக்கறதால மைனஸ் 62 வரைக்கும் தாக்குப்பிடிக்குது.

மாட்டுக்கு சினை ஊசி போடறவங்க கொண்டு வர்ற கேனை பொண்ணுக்கு ஒரு தடவை காட்டுங்க. உள்ள இருக்கறது திரவ நைட்ரஜன், மைனஸ் 196. மூடியை திறந்ததும் வெள்ளையா புகை வழியும், அது நைட்ரஜன் இல்லைங்க, நம்ம காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து பனியாகறது, நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாமலே போயிட்டிருக்கும். எட்ட நின்னு பாக்கட்டும், கை வைக்க விட்டுடாதீங்க.

அப்புறம் ஆக்சிஜன் வாயுவா இருக்கறப்ப அதுக்கு நேர் கீழ இருக்கற சல்ஃபர் ஏன் மஞ்சக் கட்டியா இருக்குன்னு பொண்ணுகிட்ட கேளுங்க, எட்டு எட்டு அணுவா வளையமா சேரும்னு மட்டும் சொன்னா போதும், மிச்சத்தை அவங்களே சொல்லிடுவாங்க.